இடப்பக்கம் பன்னிரண்டு சென்டிமீட்டர்

இந்த ஊரில் கிழவர்கள் அடுத்த வீட்டுக் கதவைத் தட்டிப் பிளாஸ்டிக் கட்டை கேட்கிறார்கள். நான் ஹாலந்துக்கு வந்த பதினேழாவது நாள் காலை பத்தரை மணிக்கு எங்கள் கதவு மூன்று முறை தட்டப்பட்டது. மருத்துவமனையில் நர்ஸாக இருக்கும் என் மகள் வேலைக்குப் போயிருந்தாள். திறந்தால் ஆறடி இரண்டங்குல உயரத்தில் ஒரு வெள்ளைக்காரர். வயது அறுபத்தாறு என்று பிற்பாடு தெரிந்தது. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் சாம்பல் நிறத்தில் சின்னதாக ஒன்றைப் பிடித்துக்கொண்டு ஏதோ கேட்டார். எனக்கு அவர் பாஷை தெரியாது. பல் விழுந்துவிட்டது என்கிறார் போலிருக்கிறது, பாவம், இந்த வயதில் விழத்தானே செய்யும் என்று நினைத்து, ஆறுதலாக என் வாயைத் திறந்து காட்டினேன். எனக்கு அப்போது இருபத்து மூன்று பற்கள். அவர் குனிந்து என் வாயைக் கவனமாகப் பார்த்தார். தான் தேடியது அதற்குள் இல்லை என்று உறுதிசெய்துகொண்டவர்போல் தலையாட்டி, நன்றி சொல்லிப் போய்விட்டார். மகள் வந்து விசாரித்தபோதுதான் விஷயம் விளங்கியது. அவர் பெயர் ஹெங்க். முப்பத்தோரு வருடம் ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். பிள்ளைகள் விளையாடும் குமிழ் வைத்த கட்டைகளால் தான் வேலை பார்த்த ரயிலையே கட்டிக்கொண்டிருக்கிறார். அதில் ஒரு கட்டை எங்கள் பால்கனியில் விழுந்துவிட்டதாம்.

ஊரில் இருப்பவர்கள் சிரிப்பீர்கள். என்னைப்போல் வயதான காலத்தில் பிள்ளைகளோடு அயல்நாட்டுக்கு வந்து சேர்ந்தவர்கள் சிரிக்கமாட்டீர்கள். சனிக்கிழமை மத்தியானம் எவ்வளவு நீளம் என்று உங்களுக்குத் தெரியும். நான் பழவேற்காட்டில் இறால் கொட்டகையில் பத்தொன்பது வருடம் எண்ணிக்கை பார்த்தவன். கிலோவுக்கு எத்தனை இறால் நிற்கிறது என்பதை வைத்துத்தான் தரம். மீனவர்கள் ஏரிச் சேற்றில் கையால் தடவிப் பிடித்து, ஓலைப் பறிக் கூடையில் போட்டு இடுப்பளவுத் தண்ணீரில் நடந்து வருவார்கள். அவர்கள் கண்ணெதிரே தட்டில் கொட்டி எண்ண வேண்டும். ஒன்று கூடினாலும் குறைந்தாலும் பேச்சு வரும். அந்தப் பழக்கம் கையை விட்டுப் போகவில்லை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தொன்பதில் இங்கே வந்தேன். மனைவி இறந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது, எனக்கு அறுபத்தொன்று. எண்ணுவதற்கு இங்கே ஒன்றும் இல்லை. குளியலறைச் சுவரில் நானூற்றுப் பன்னிரண்டு ஓடுகள். அவற்றில் ஏழு விரிசல். "நைனா, பல்லு தேய்க்கப் போனா பல்ல மட்டும் தேய்ச்சிட்டு வா. இன்னாத்துக்கு அர மணி நேரம்?" என்பாள் மகள். பதில் சொன்னால் கவலைப்படுவாள் என்று சொல்லமாட்டேன்.

எண்பத்தொன்றில் ஹெங்க் என்னைத் தம் சங்கத்துக்கு அழைத்துப் போனார். கால்வாய் ஓரம் ஒரு பழைய பள்ளிக்கூட மாடி. சனிக்கிழமை இரண்டு மணி முதல் ஐந்து மணி வரை பதினோரு பேர் கூடுவார்கள். எல்லோருமே ஓய்வு பெற்றவர்கள். நடுவில் ஒன்பது மீட்டர் நீள மேடையில் தண்டவாளம், ஸ்டேஷன், பாலம், சாலை, அத்தனையும் கட்டையாலேயே. பெயின்ட் அடிக்கக் கூடாது, பசை கூடாது, கட்டையை அறுக்கக் கூடாது. முக்கியமான விதி, உள்ளது உள்ளபடி இருக்க வேண்டும். அளவு ஒன்றுக்கு முப்பத்தெட்டு, அதாவது அசலில் முப்பத்தெட்டில் ஒரு பங்கு. ஒரு ரயில்பெட்டியின் கக்கூஸ் பக்கம் ஏழு ஜன்னலா எட்டா என்று ஐந்து வாரம் தர்க்கம் செய்தார்கள். முடிவில் இரண்டு பேர் அறுபது கிலோமீட்டர் பயணம் செய்து ஒரு யார்டில் போய் எண்ணிவிட்டு வந்தார்கள். ஏழு. எனக்குக் கண் கலங்கிவிட்டது. இப்படிப்பட்ட மனிதர்களைத் தேடி நான் எட்டாயிரம் கிலோமீட்டர் வர வேண்டியிருந்ததே என்று நினைத்துக்கொண்டேன்.

பதினோரு பேருக்கும் பதினோரு நாற்காலி. ஒவ்வொன்றின் முதுகிலும் பெயர் எழுதியிருக்கும். எனக்குப் பெயரில்லாத மடக்கு நாற்காலி. செயலாளர் பெயர் யான், முன்பு பள்ளியில் கணக்கு வாத்தியார். நீ எந்த ஊர் என்று அவர் முதல் நாள் கேட்டார். உங்கள் ஆட்கள் முந்நூறு வருடத்துக்கு முன்னால் வந்து செத்துப் புதைந்த ஊர் என்று சொன்னேன். கல்லறைகள் இன்னும் அப்படியே இருக்கின்றன, பள்ளிக்கூட நாளில் எண்ணப் போய் பாதியில் துரத்தப்பட்டேன் என்றும் சொன்னேன். அவருக்குப் பெருமையாக இருக்கும் என்று எதிர்பார்த்தேன். அவர் முகம் மாறிவிட்டது. இந்த ஊரில் கல்லறைக்கு இருபது வருடக் குத்தகைதான். கெடு முடிந்தால் எலும்பை எடுத்துவிட்டு அடுத்தவருக்குக் கொடுத்துவிடுவார்கள். "முந்நூறு வருடமாகவா? யார் புதுப்பித்தது?" என்று கேட்டார். யாரும் புதுப்பிக்கவில்லை, ஆடு மேய்கிறது என்றேன்.

சங்கத்தில் உறுப்பினராகவேண்டுமானால் தன் கையால் ஒரு மாதிரி உருவம் கட்டி, அது அசலைப்போலவே இருக்கிறது என்று நிரூபிக்க வேண்டும். இரண்டு வருடம் தவணை. நிரூபிக்காவிட்டால் மடக்கு நாற்காலியை மடக்கி வைத்துவிட்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான். வீட்டில் நானூற்றுப் பன்னிரண்டு ஓடு. ஹெங்க் ரயில் கட்டினார், இன்னொருவர் தான் ஓட்டிய பால் லாரியைக் கட்டினார். எனக்கு எதை உள்ளது உள்ளபடி தெரியும் என்று யோசித்தேன். ஒன்றுதான் தெரியும். காதர் பாயின் ஐஸ் லாரி.

அந்த லாரியைப் பற்றிச் சொல்ல வேண்டும். தினமும் காலையில் பொன்னேரியிலிருந்து ஐஸ் ஏற்றிக்கொண்டு வரும். மத்தியானம் இறால் பெட்டிகளோடு திரும்பும். பத்தொன்பது வருடம் அதன் முன்னால் உட்கார்ந்து எண்ணியிருக்கிறேன். முன்பக்கம் மூக்கு நீண்ட பழைய வண்டி. இடப்பக்கப் பலகையில் ஒன்பது சட்டம், வலப்பக்கம் எட்டு; உடைந்து விழுந்த ஒன்றைத் திரும்பப் போடவே இல்லை. முன்கண்ணாடிக்கு மேல் மூன்று பச்சை விளக்கு, ஒன்று எரியாது. எல்லாவற்றுக்கும் மேலாக அது இடப்பக்கம் சாய்ந்திருக்கும். கொட்டகை இடப்பக்கம் என்பதால் பெட்டியெல்லாம் அந்தப் பக்கமாகவே ஏறும். ஐஸ் உருகி, உப்புத் தண்ணீர் அந்தப் பக்கத்துச் சக்கரத்துக்கு மேல் வண்டியைத் தாங்கும் கமான் பட்டையிலேயே சொட்டும். பட்டை துருப்பிடித்து, படிந்து, வண்டி பன்னிரண்டு சென்டிமீட்டர் இறங்கிப்போயிற்று. ஆறு விரற்கடை. திருப்பாலைவனம் சாலையில் அது தூரத்தில் வரும்போதே, பாய் வண்டி என்று சாய்வை வைத்துச் சொல்லிவிடுவோம். நிமிர்ந்து வந்தால் அது வேறு வண்டி.

ஐந்து மாதம் கட்டினேன். ஆயிரத்து நூற்று நாற்பத்து மூன்று கட்டை. எட்டுக் குமிழ் அகலம், இருபத்து நான்கு குமிழ் நீளம். சாய்வுக்காகத் தனியாக ராத்தூக்கம் கெட்டது. பிறகு கணக்குப் போட்டுப் பார்த்தால், ஒரு மெல்லிய தட்டைக் கட்டையின் கனம் மூன்று புள்ளி இரண்டு மில்லிமீட்டர். முப்பத்தெட்டால் பெருக்கினால் பன்னிரண்டு சென்டிமீட்டருக்கு ஒன்றரை மில்லிமீட்டர்தான் கூடுதல். இடப்பக்க அச்சுக்கு மேல் ஒரே ஒரு தட்டையைக் குறைத்தேன். லாரி உட்கார்ந்தது. பாய் வண்டியேதான். மகளைக் கூப்பிட்டுக் காட்டினேன். "அய்யய்யோ, பாய் வண்டி!" என்று கத்தினாள். பிறகு என்னையே சற்று நேரம் பார்த்துவிட்டு, "நைனா, வெளியிலயும் கொஞ்சம் போய்ட்டு வா" என்றாள்.

சங்கத்தில் வைத்த அன்று பதினோரு பேரும் சுற்றி நின்றார்கள். சட்டத்தை எண்ணினார்கள். எட்டா, ஒன்பதா என்று கேட்டு, காரணம் சொன்னதும் பாராட்டினார்கள். கடைசியில் யான் சட்டைப்பையிலிருந்து சின்ன ரசமட்டம் ஒன்றை எடுத்து லாரியின் மேல் வைத்தார். குமிழி வலப்பக்கம் ஓடியது. "ஸ்ஹேஃப்" என்றார். சாய்ந்திருக்கிறது என்று அர்த்தம். ஆமாம், சரியாகச் சாய்ந்திருக்கிறது என்றேன் என் அரைகுறைப் பாஷையில். அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஹெங்க் என் தோளைத் தட்டி, முதல் மாதிரியில் எல்லோருக்கும் வரும் பிழைதான், நான் உதவுகிறேன் என்றார். பிழை இல்லை, வண்டியே அப்படித்தான் என்றேன். அப்படி ஒரு வண்டி சாலையில் ஓட அனுமதி கிடையாதே என்றார் யான். அது அனுமதி கேட்டதில்லை என்றேன். எத்தனை நாள் அப்படி ஓடியது என்று கேட்டார். எனக்குத் தெரிந்து பதினான்கு வருடம் என்றேன். பால் லாரிக்காரர் மட்டும் மெதுவாகச் சிரித்தார். யான் சிரிக்கவில்லை. கோபப்படவும் இல்லை. கக்கூஸ் ஜன்னலுக்கு என்ன செய்தார்களோ அதையே எனக்கும் செய்தார். போட்டோவும் அளவும் கொண்டுவா, இருக்கிறபடி ஏற்றுக்கொள்கிறோம் என்றார். அதற்குமேல் ஒரு மனிதன் என்ன நியாயம் கேட்க முடியும்?

என் மனைவியின் தம்பி தேசப்பனுக்குக் கடிதம் எழுதினேன். பாய் வண்டியை முன்னாலிருந்து ஒரு போட்டோ எடு; தரையிலிருந்து இடப்பக்கம் எவ்வளவு உயரம், வலப்பக்கம் எவ்வளவு என்று டேப் வைத்து அளந்து எழுது; விளையாட்டுக் கட்டையில் அந்த வண்டியைச் செய்திருக்கிறேன், இங்கே ஒரு சங்கத்தில் காட்ட வேண்டும். நான் செய்த தப்பு, எங்கள் ஊரை மறந்து எழுதியதுதான். ஏரிக்கரையில் ஒருவர் படகை இன்னொருவர் போய் அளந்தால் அதற்கு இரண்டே காரணம். ஒன்று, விலைக்கு வாங்கப்போகிறார். இல்லை, அண்ணன் தம்பி பாகம் பிரிக்கிறார்கள். சும்மா யாரும் அளப்பதில்லை. காதர் பாய்க்கு அண்ணனும் இல்லை, தம்பியும் இல்லை.

தேசப்பன் தையற்கடையில் டேப் வாங்கிக்கொண்டு போயிருக்கிறான். குனிந்து சக்கரத்துப் பக்கம் அளக்கும்போது காதர் பாய் டீக்கடையிலிருந்து எழுந்து வந்திருக்கிறார். பின்னால் ஒரு கூட்டம்.

"இன்னா தேசப்பா, என் வண்டிக்குச் சட்ட தைக்கப் போறியா?"

"இல்ல பாய். ஹாலந்து மாமா அளந்து அனுப்பச் சொன்னாரு."

"எதுக்கு?"

இந்த இடத்தில் தேசப்பன் உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆனால் சுற்றிலும் பத்துப் பேர். அறுபத்தைந்து வயது மாமா சீமையில் போய்ப் பிள்ளைகள் விளையாடும் கட்டையில் லாரி செய்கிறார் என்று எப்படிச் சொல்வது? வீட்டில் கல்யாணத்துக்குப் பெண் வேறு இருக்கிறாள்.

"வேணுமாம்" என்று மட்டும் சொல்லியிருக்கிறான்.

"அப்படிச் சொல்லு! போட்டோ இப்ப எடுக்காத. வெள்ளிக்கிழம தாண்டட்டும்."

ஐந்து வாரம் கழித்து உறை வந்தது. மேஜையில் விளக்கைப் போட்டுக்கொண்டு, மகள் முன்னால் பிரித்தேன். போட்டோவில் பாய் வண்டி நின்றது. புது மஞ்சள் பெயின்ட், மூக்கில் சாமந்தி மாலை, மூன்று விளக்கும் எரிந்தன. முன்னால் ஒன்பது பேர் கைகட்டி நின்றார்கள், நடுவில் காதர் பாய் தொப்பியோடு. வண்டி ஒரு இம்மிகூடச் சாயவில்லை. பொன்னேரிப் பட்டறையில் இடப்பக்கக் கமான் பட்டை அத்தனையும் புதிதாகப் போட்டுவிட்டார். தேசப்பன் எழுதியிருந்தான்: இடம், வலம் இரண்டும் ஒரே உயரம் மாமா, மூன்று தடவை அளந்தேன். பாய் நீங்கள் எப்போது வருகிறீர்கள் என்று தினம் கேட்கிறார்.

சனிக்கிழமை போட்டோவைக் கொண்டுபோகாமல் இருந்திருக்கலாம். இரண்டு இரவு அதைத்தான் யோசித்தேன். ஆனால் தவணை அந்த மாதத்தோடு முடிகிறது. வேறு அத்தாட்சி இல்லை. யான் போட்டோவைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். பிறகு மிகவும் அன்பாக, "பார், நேராகத்தான் இருக்கிறது. ஞாபகம் ஏமாற்றிவிடும்" என்றார். இல்லை, இதை விற்பதற்காக நிமிர்த்தினார்கள் என்று சொல்ல எனக்கு வார்த்தை தெரிந்திருந்தது. நான் சொல்லவில்லை. அவர் ஒரு தட்டையை எடுத்து இடப்பக்க அச்சுக்கு மேல் செருகினார். நான்கு விநாடி ஆயிற்று. ரசமட்டத்தின் குமிழி நடுவில் வந்து நின்றது. பதினோரு பேரும் கைகுலுக்கினார்கள். அடுத்த வாரம் என் பெயர் எழுதிய நாற்காலி வந்தது. பன்னிரண்டாவது. பெயரில் ஒரு எழுத்துக்கூடத் தவறில்லை. லாரி ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில் வரிசையில் நின்றது, அந்த நாட்டுச் சாலையில், அந்த நாட்டு வண்டிகளைப்போல நிமிர்ந்து. வேடிக்கை பார்க்க வந்த ஒரு அம்மாளிடம், "இது எங்கள் ஊர் வண்டி" என்று சொன்னேன். சொல்லிவிட்டு அதன் சாயாத இடப்பக்கத்தைக் கையால் மறைத்துக்கொண்டேன்.

அதைவிடப் பெரிய கவலை காதர் பாய். ஒரு மனிதரை வீணாகச் செலவு செய்ய வைத்துக் காக்கவும் வைத்துவிட்டேன். எண்பத்தைந்து தை மாதம் தேசப்பன் மகளுக்குக் கல்யாணம். போகாமல் முடியாது. போனால் பாயைப் பார்க்காமல் முடியாது. நேரில் உண்மையைச் சொல்லிவிடுவது என்று தீர்மானித்து, சங்கத்தில் கேட்டு வாங்கிய கட்டை லாரியைப் பிஸ்கட் தகரடப்பாவில் லுங்கி சுற்றி வைத்து எடுத்துப் போனேன். விமானத்தில் பதினோரு மணி நேரமும் என்ன சொல்வது என்று ஒத்திகை பார்த்தேன். ஒன்பது விதமாகச் சொல்லிப் பார்த்தேன். ஒன்றும் நன்றாக இல்லை.

பொன்னேரி ஸ்டேஷனுக்கு வெளியே தேசப்பன் நின்றான். பக்கத்தில் காதர் பாய். அவருக்குப் பின்னால் ஐஸ் ஏற்றிய லாரி. லாரி இடப்பக்கம் சாய்ந்திருந்தது.

"நாலு மாசம் நைனா, நாலே மாசம்" என்றார் காதர் பாய். தன்னைவிட மூத்தவர்களையெல்லாம் நைனா என்றுதான் கூப்பிடுவார். "புதுப் பட்ட போட்டேன், பூட்ச்சி. உப்புத் தண்ணி சும்மா வுடுமா? இப்ப வாங்கறீங்களா, இன்னும் சாயட்டுமா?"

டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து ஒரே மூச்சில் எல்லாவற்றையும் சொன்னேன். சங்கம், கட்டை, போட்டோ, நாற்காலி. டப்பாவைத் திறந்து லாரியைப் பெஞ்சில் வைத்தேன். தேசப்பன் யாராவது பார்க்கிறார்களா என்று நாலு பக்கமும் திரும்பினான். எல்லோரும் பார்த்தார்கள். காதர் பாய் குந்தி உட்கார்ந்து, லாரியின் சட்டத்தை விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டார். வலப்பக்கம் எட்டு வந்ததும் முகம் மலர்ந்தது.

"மெய்யாலுமே நம்ம வண்டி! டேய், வெளக்கு பாருடா, மூணு!" என்று டீக்கடைக்காரரைக் கூப்பிட்டார். பிறகு கொஞ்சம் தள்ளிப்போய் ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். "ஆனா இது சாயலியே நைனா."

"போட்டோல நேரா இருந்துச்சே பாய்."

"போட்டோ கெடக்குது. பத்தொம்போது வருஷமா வண்டி முன்னாடி குந்தினு எண்ணினீங்களே, எங்க வண்டி எந்தப் பக்கம் சாயும்னுகூடவா மறந்துட்டீங்க?"

"மறக்கல. மொதல்ல சாய்ச்சுத்தான் கட்டினேன். அவங்க ஒத்துக்கல. நீதானே பாய் வண்டிய நிமித்தின?"

"நான் விக்கறதுக்கு நிமித்தினேன். நீங்க எதுக்கு நிமித்தினீங்க?"

ஒரு நாற்காலிக்கு என்று சொன்னேன். டீக்கடைக்காரர், "அந்த ஊருல நாற்காலிக்கா பஞ்சம்?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். காதர் பாய் சிரிக்கவில்லை. நான் லாரி வாங்கவில்லை என்பதில் அவருக்கு வருத்தம் இருந்ததாகவே தெரியவில்லை. என் கையில் இருந்த வண்டியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். "எதுனா ஒண்ண எடுத்தா சாஞ்சிடுமில்ல? எடுத்துடுங்க" என்றார். நான் இடப்பக்க அச்சுக்கு மேல் அந்தத் தட்டைக்கு அடியில் நகத்தைக் கொடுத்தேன். எடுத்தால் அடுத்த மாதம் ஒரு சனிக்கிழமை யான் குனிந்து பார்ப்பார். "அப்புறம் எடுக்கிறேன்" என்று சொல்லி லுங்கியைச் சுற்றி டப்பாவை மூடினேன். காதர் பாய் வண்டியில் ஏறினார்.

முன்னால் நான்கு பேர் உட்கார்ந்தோம். டிரைவர், காதர் பாய், தேசப்பன், இடப்பக்கக் கதவோரம் நான். பழவேற்காட்டுக்குப் பதினெட்டுக் கிலோமீட்டர் சொச்சம். வண்டி கிளம்பிய உடனேயே நான் வழுக்கிப்போய்க் கதவில் ஒட்டிக்கொண்டேன். பக்கத்தில் பார்த்தால் மற்ற மூன்று பேரும் கம்பம் நட்டாற்போல் நேராக உட்கார்ந்திருந்தார்கள். வண்டி சாய்கிற அளவுக்கு இடுப்பை எதிர்ப்பக்கம் கொடுத்து, அப்படிக் கொடுப்பது தெரியாமலேயே பேசிக்கொண்டும் பீடி பற்றவைத்துக்கொண்டும் வந்தார்கள். நானும் ஒருகாலத்தில் அப்படித்தான் உட்கார்ந்து போயிருப்பேன். "கொஞ்சம் இந்தாண்ட சாஞ்சி குந்துங்க மாமா" என்றான் தேசப்பன். சாய்ந்தேன், அவன் மேலேயே விழுந்தேன். "அவ்ளோ இல்ல" என்றான். திருப்பாலைவனம் போயிற்று, வெயிலில் ஏரித் தண்ணீர் தெரிய ஆரம்பித்தது, வழியில் ஒருவர் சைக்கிளை நிறுத்தி வண்டியைப் பார்த்துக் கையாட்டினார். எனக்கு இன்னும் உட்காரத் தெரியவில்லை. மடியில் இருந்த டப்பாவுக்குள், நிமிர்ந்த லாரி ஒவ்வொரு வளைவிலும் இடப்பக்கம் வழுக்கிப்போய்த் தகரத்தில் முட்டிக்கொண்டே வந்தது. எத்தனை முறை என்று எண்ணிக்கொண்டு வந்தேன். ஏரிக்கரையில் இறங்கும்போது கணக்கு விட்டுப்போயிருந்தது.